ஏற்காட்டில் நான்கு நாள் சும்மா இருக்க வழி உண்டா?

அஸ்தம்பட்டிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சின்னது, முன்கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாசியில் மகள் வீட்டுக்கு ஆக்லாந்து போயிருந்தோம். நான், வீட்டுக்காரர், 78 வயதில் என் மாமியார். ஊரைச் சுற்றிக் கடல், கடல் முழுக்கப் பாய்மரப் படகு, பாய்மர நகரம் என்றே அந்த ஊருக்குப் பட்டப்பெயர். ஒரு நாள் வைஹீகி தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள், படகில் 40 நிமிடம். தீவு பூராவும் மேடும் சரிவும், சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். அதுவும் பரம்பரைத் தோட்டமெல்லாம் இல்லை, 1978 வாக்கில்தான் அங்கே கொடி நட ஆரம்பித்தார்களாம். பழுக்கிற பருவம் என்பதால் குருவி கொத்தாமல் இருக்க வரிசை வரிசையாக வலை போர்த்தியிருந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒயின் பக்கம் போகிற ஆட்கள் இல்லை. ஒரு மரத்தடியில் பெஞ்சு கிடந்தது, உட்கார்ந்தோம். கீழே கடலில் வெள்ளை வெள்ளையாகப் பாய்கள் நகர்வதே தெரியாமல் நகர்ந்துகொண்டிருந்தன. மூன்று மணி நேரம் போயிருக்கிறது. வீட்டுக்காரர் பத்தாவது நிமிடத்திலேயே “பார்த்தாச்சா, அடுத்து என்ன?” என்று எழுந்துவிட்டார், அது அவர் சுபாவம். அத்தை மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது “இதற்குள்ளேயா?” என்றார்கள்.

சேலம் திரும்பி ஒரு வாரம் கழித்து மாடியில் துணி காயப்போடும்போது பார்க்கிறேன், எதிரே சேர்வராயன் மலை. கல்யாணமாகி 31 வருஷம் இந்த மலையைப் பார்த்துக்கொண்டே துணி காயப்போட்டிருக்கிறேன். ஏற்காடு போனது எத்தனையோ முறை, ஒரு முறைகூட இரவு தங்கியதில்லை. காலையில் ஏறி, ஏரி, பஜ்ஜி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சாயங்காலம் இறங்கி வீட்டில் ரசம் சாதம்.

தையில் நான்கு நாள் தங்கலாம் என்று நினைக்கிறேன். கடல் இல்லை, திராட்சை இல்லை, தெரியும். அவசரமில்லாமல் பொழுதைக் கழிக்க என்ன இருக்கிறது? அத்தைக்கு முழங்கால் வலி, படி கூடாது.

குரங்குச்சாவடி_72:

சேலத்தில் வீட்டை வைத்துக்கொண்டு ஏற்காட்டில் ரூம் போடுவதா? எங்கள் அப்பா கேட்டால் பேச்சையே நிறுத்திவிடுவார்.

சரி, பட்டியல்: படகு இல்லம், அண்ணா பூங்கா, மான் பூங்கா, லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், கரடிக் குகை, பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில், கிளியூர் அருவி. கார் இருந்தால் காலை 9 மணிக்கு ஆரம்பித்து 4 மணிக்குள் முடித்துவிடலாம். மீதி மூன்று நாள் என்ன செய்வீர்கள்?

அஸ்தம்பட்டிக்காரி:

தம்பி, அதைத்தான் நான் கேட்கிறேன்!

நாகலூர் காபி:

அக்கா, நான் மேலேயே இருப்பவன். மூன்று ஏக்கர் காபி, நடுவில் மிளகு, பத்துப் பதினைந்து பலா. பெரிய எஸ்டேட் இல்லை, அதனால் விளம்பரம் என்று யாரும் நினைக்க வேண்டாம், என் வீட்டில் தங்க இடமும் இல்லை.

நீங்கள் சொல்கிற தை மாதம்தான் எங்களுக்குப் பழம் எடுக்கிற காலம். கார்த்திகையில் ஆரம்பித்து மாசி வரைக்கும் இழுக்கும், காரணம், காபிப் பழம் ஒரே நாளில் பழுக்காது. ஒரே கிளையில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும். சிவப்பை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும், பச்சை கலந்தால் குடிக்கிறபோது நாக்கு சொல்லிவிடும். அதனால் ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை திரும்பி வருவோம். வேகமாகச் செய்யவே முடியாத வேலை. நீங்கள் தேடுவது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எடுத்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோலை உரிப்பார்கள், கொட்டையில் வழவழப்பு ஒட்டியிருக்கும், அதை ஒரு நாள் தொட்டியில் புளிக்க வைத்துக் கழுவி, களத்தில் காயப்போட வேண்டும். என்னைப் போல் பல்ப்பர் இல்லாதவர்கள் பழத்தை அப்படியே காயவைப்போம், வெயிலைப் பொறுத்து இரண்டு வாரம்வரை ஆகும். பகலில் கிளறிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பனி இறங்கும் முன் குவித்து மூட வேண்டும். பழத் தோலை உறிஞ்சிப் பாருங்கள், இனிப்பாக இருக்கும். காபிக்கும் அந்த ருசிக்கும் சம்பந்தமே இருக்காது. உள்ளே இரண்டு கொட்டை, சிலதில் மட்டும் ஒன்றே ஒன்று உருண்டையாக இருக்கும், நீங்கள் கீழே கடையில் பீபெரி என்று கூடுதல் காசு கொடுத்து வாங்குவது அதுதான்.

1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர். அவர் வைத்த கிரேன்ஜ் எஸ்டேட் இன்னும் பெயரோடு இருக்கிறது. இருநூறு வருஷம் ஆகியும் ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள், காபிச் செடி எது என்று கேட்டால் சில்வர் ஓக் மரத்தைக் காட்டுகிறார்கள். நிழலுக்காக நட்ட மரம் அது, மேலே ஏறியிருப்பது மிளகுக் கொடி. காபி அதன் காலடியில் நிற்கிறது.

காலையில் 8 மணிக்கு வாருங்கள், முக்காலி போடுகிறேன், ஆயா உட்கார்ந்து பார்க்கட்டும். படி கிடையாது. நாய் உண்டு, குரைக்கும், கடிக்காது.

ஞாயிறு பைக்:

பக்கத்தில் இருக்கும் மலையைக் கொண்டாடுவது நல்லதுதான், ஆனால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். நான் 15 வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏறுகிறவன். இப்போது ஞாயிறு என்றால் அடிவாரச் சோதனைச்சாவடியிலேயே வரிசை. ஏரிக்கரையில் நடந்தால் காருக்குள் நடக்கிற மாதிரி இருக்கிறது. போன வருஷம் மனைவி கேட்டாள் என்று ஒரு விடுதியில் தங்கினோம் (பெயர் வேண்டாம்), அமைதியான தோட்டம் என்று படம் போட்டிருந்தார்கள். இரவு 12 வரை புல்வெளியில் ஸ்பீக்கர் வைத்து ஆட்டம். கேட்டதற்கு “கம்பெனி புக்கிங் சார்” என்றார்கள். நான் தலையணையைக் காதில் வைத்துக்கொண்டு சேலத்தில் இருக்கும் என் படுக்கையை நினைத்தேன்.

அமைதி வேண்டுமென்றால் வைஹீகிக்கே போங்கள்.

அஸ்தம்பட்டிக்காரி:

டிக்கெட் எடுத்துத் தருகிறீர்களா தம்பி?

பழைய தாவரவியல் வாத்தியார்:

பைக்காரர் சொல்வதில் பாதி சரி. சனி, ஞாயிறு, மே மாதத்துக் கோடை விழா, பொங்கல் விடுமுறை, இந்த நாட்களில் ஏற்காடு ஒரு கடைத்தெரு. ஆனால் அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே போய்விட்டு ஏற்காட்டைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறார். பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். 1,515 மீட்டர் உயரத்தில் அந்த நேரத்து வெயிலும் குளிரும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு வெயில் காயலாம். மாலை 6 மணிக்கு மேல் குல்லா கட்டாயம், குறிப்பாக மாமியாருக்கு.

நான் சொல்வது ஒரே இடம்தான். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம், 1963ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. திறந்திருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பூத்துக் குலுங்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள், ஏனென்றால் ஒவ்வொரு ஆர்க்கிட்டுக்கும் ஒவ்வொரு பருவம், நீங்கள் போகும்போது பாதிச் செடி சும்மாதான் இருக்கும். வேரைப் பாருங்கள். மண்ணே இல்லாமல் மரத்தைப் பற்றிக்கொண்டு, வெள்ளை உறை போர்த்திய வேரால் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்து வாழும். மழை பட்டால் அந்த வெள்ளை பச்சையாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். அப்புறம் குடுவைச் செடி, மேகாலயத்துக் காசி மலையிலிருந்து வந்தது. இலை நுனியில் மூடியோடு ஒரு சொம்பு தொங்கும். விளிம்பில் வழுக்கல், உள்ளே செரிக்கிற திரவம். பூச்சி தேனுக்கு வந்து வழுக்கி விழும். என் மாணவர்களை இந்தச் செடி முன்னால் அரை மணி நேரம் நிற்க வைப்பேன். பத்து நிமிடம் முணுமுணுப்பார்கள், பிறகு ஒரு எறும்பு விளிம்பில் ஏறும், அதற்கப்புறம் ஒருவனும் பேச மாட்டான்.

இன்னொன்று. மேலே போய் “நீங்கள் மலையாளியா, கேரளாவில் எந்த ஊர்?” என்று யாரும் கேட்டுவைக்காதீர்கள். இந்த மலையின் பழங்குடி மக்களுக்கே மலையாளி என்றுதான் பெயர், மலையை ஆள்கிறவர்கள். தமிழ்தான் பேசுவார்கள். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து முன்னோர் வந்ததாக அவர்களிடமே ஒரு கதை உண்டு.

நாகலூர் காபி:

சார், இதை என்னிடம் வருஷத்துக்கு ஐம்பது பேர் கேட்கிறார்கள். இப்போதெல்லாம் திருச்சூர் என்று சொல்லிவிடுகிறேன்.

பூலாம்பட்டி:

தலைப்பு ஏற்காடு என்றாலும் அக்கா பாய்மரம் பற்றி எழுதியதால் நுழைகிறேன். பாய் கட்டிய படகு நம் மாவட்டத்தில் கிடையாது, ஏற்காடு ஏரியில் மிதி படகும் துடுப்புப் படகும்தான். ஆனால் தண்ணீரில் சும்மா போக வேண்டும் என்றால் காவிரி இருக்கிறதே.

எங்கள் ஊரில் கதவணை கட்டியதால் ஆறு ஏரி மாதிரி அகலமாக நிற்கும். அக்கரையில் ஈரோடு மாவட்டம், நெரிஞ்சிப்பேட்டை. விசைப்படகில் ஆள், மூட்டை, டூவீலர் எல்லாம் ஏறும். எங்களுக்கு அது பஸ் மாதிரி, சினிமாக்காரர்களுக்கும் யூடியூப்காரர்களுக்கும் குட்டி கேரளா. போனால் கடைசி நாள் மலையிலிருந்து இறங்கி வந்து, ஒரு முறை அக்கரை போய் டீ குடித்துவிட்டு அடுத்த படகில் திரும்புங்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

இன்னும் ஆசை இருந்தால் கொளத்தூர் பக்கம் பண்ணவாடி பரிசல் துறை. அங்கே நிற்பது மேட்டூர் அணையின் தேக்கம். 1934இல் கட்டி முடித்த அணை, முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. அத்தனை தண்ணீர் நிற்க வேண்டுமானால் எத்தனை ஊர் அடியில் போயிருக்கும், யோசித்துப் பாருங்கள். நீர் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய தேவாலயத்தின் கோபுரமும் தலையை நீட்டும். முதலில் கொம்பு, பிறகு காது, பிறகு முதுகு என்று நாளுக்கு நாள் நந்தி எழுந்து வருவதைப் பார்க்கவே என் தாத்தா வாரம் ஒரு முறை சைக்கிளில் போவார். தையில் அது தெரிவது சந்தேகம்தான், பாசனத்துக்குத் திறந்துவிட்ட பிறகு கோடையில்தான் மட்டம் இறங்கும்.

பஸ்ஸில்தான் போவேன்:

காரில் போகாதீர்கள் அக்கா. சேலத்திலிருந்து பஸ் ஏறுங்கள், வார நாளில் உட்கார இடம் கிடைக்கும். 20 கொண்டை ஊசி வளைவு. மாமியாரை முன் இருக்கையில், ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள், கையில் எலுமிச்சம்பழம். காரில் போனால் ஓட்டுகிறவர் ரோட்டைத்தான் பார்ப்பார், பேசினால் கோபம் வரும். பஸ்ஸில் உங்கள் வீட்டுக்காரரும் வெளியே பார்த்துத்தான் ஆக வேண்டும். வளைவுகளில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலை வழக்கம், அதைத் தெரியாதவர்கள் முகத்துக்கு முகம் நின்றுகொண்டு ஹாரன் அடிப்பதைப் பார்ப்பதும் ஒரு பொழுதுபோக்குதான்.

இறங்கும்போது முடிந்தால் குப்பனூர் வழியில் வாருங்கள். கூட்டம் குறைவு.

ஞாயிறு பைக்:

குப்பனூர் வழிக்கு நானும் கை தூக்குகிறேன். காட்டெருமை குறுக்கே வரலாம், வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு அது போகும்வரை இருங்கள். செல்பி எடுக்க இறங்கினால் திரும்பி வந்து இங்கே எழுத மாட்டீர்கள்.

குரங்குச்சாவடி_72:

தட்டுவடை செட் கட்டிக்கொண்டு போங்கள், மேலே கிடைப்பதில் நம் ஊர் காரம் இருக்காது. ஆனால் கையில் பொட்டலம் தெரியக் கூடாது, குரங்கு.

அஸ்தம்பட்டிக்காரி:

போய்விட்டு வந்தோம். பொங்கல் முடிந்து, ஒரு செவ்வாய் ஏறி வெள்ளி இறங்கினோம். யார் யார் சொன்னது பலித்தது என்று எழுதிவிடுகிறேன்.

முதலில் குரங்கு. குரங்குச்சாவடித் தம்பி எச்சரித்தும், லேடீஸ் சீட்டில் வீட்டுக்காரர் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு குரங்கு வந்து அவர் கையிலிருந்து, என்னமோ அவர்தான் நீட்டிய மாதிரி, நிதானமாக வாங்கிக்கொண்டு போனது. தட்டுவடையை மட்டும் தின்றுவிட்டு, பீட்ரூட் துருவலை உதறிப் போட்டது. அவருக்குக் கோபம் குரங்கின் மேல் இல்லை, அது துருவலை வீணாக்கியதில்தான்.

அங்கேயே இருட்டும்வரை இருந்தோம். ஒவ்வொரு முறையும் 5 மணிக்கு இறங்கிவிடுவதால் எனக்குத் தெரியவே தெரியாது, கீழே சேலத்தில் விளக்கு ஒன்றொன்றாக ஏற்றுகிற நேரம் எப்படியிருக்கும் என்று. முதலில் ரோட்டு விளக்கு கோடு கோடாக, அப்புறம் வீடுகள். எங்கள் வீடு எது என்று மூன்று பேரும் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டிச் சண்டை போட்டோம்.

புதன்கிழமை நாகலூர். முக்காலி போட்டிருந்தார்கள். அத்தை பத்து நிமிடம் பார்த்தார்கள், பிறகு களத்தில் பழத்தைக் கிளறிக்கொண்டிருந்த பெண்ணிடம் “பச்சையும் கலந்திருக்கிறதே கண்ணு” என்றார்கள். அவ்வளவுதான், ஒரு முறத்தில் கொட்டிக் கொடுத்துவிட்டார்கள். காலை பூராவும் பொறுக்கினார்கள். அரிசியில் கல் பொறுக்கி 60 வருஷப் பழக்கம், கண் சரியாகத் தெரியாது என்று டாக்டரிடம் புலம்புகிறவர்கள் பச்சைக் காய் ஒன்றைக்கூட விடவில்லை. மறுநாள் ஆர்க்கிட் தோட்டம் போகலாம் என்றேன், “நேற்றையது பாதியில் நிற்கிறதே” என்று மறுபடியும் நாகலூர். வாத்தியார் மன்னிக்க வேண்டும், குடுவைச் செடியை நானும் வீட்டுக்காரரும் மட்டும்தான் பார்த்தோம். எறும்பு ஏறியது. விளிம்பு வரை போய்த் திரும்பி வந்துவிட்டது. அவர் இருபது நிமிடம் அதற்காக நின்றார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பைக்காரர் பயமுறுத்தியபடி ஒன்றும் நடக்கவில்லை, தங்கிய இடத்தில் எங்களைத் தவிர ஒரே ஒரு குடும்பம். ஆனால் வெள்ளி மதியம் இறங்கும்போது எதிரே ஏறி வந்த வண்டி வரிசையைப் பார்த்தேன், அவர் ஏன் அப்படி எழுதினார் என்று புரிந்தது. கிளியூர் அருவிக்குப் போகவில்லை, படி. சேர்வராயன் கோயிலுக்குப் போனோம், குகைக்குள் குனிந்து போக வேண்டியிருந்ததால் அத்தை வெளியே புல்வெளியிலேயே கும்பிட்டுக்கொண்டார்கள். சேர்வராயனும் காவேரி அம்மனும் உள்ளே இருக்கிறார்கள், காற்று மட்டும் வெளியே. பூலாம்பட்டி இந்த முறை முடியவில்லை.

குறை ஒன்று சொல்ல வேண்டும். மலையில் காபி விளைகிறது, மலையில் குடித்த காபி எதுவும் நன்றாக இல்லை. சேலத்துப் பொடி, பாதி சிக்கரி. நாகலூரில் கொடுத்தது மட்டும் விதிவிலக்கு, அதற்கு மட்டும் தனியாக ஒரு பதிவு போடலாம்.

நாகலூர் காபி:

அக்கா, ஆயா பொறுக்கிய பழம் தனியாகத்தான் காய்கிறது. அரைத்ததும் அரைக் கிலோ கொடுத்தனுப்புகிறேன், காசு பேச்சு வேண்டாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நீங்கள் பார்த்தது பழம். பூ இன்னும் பார்க்கவில்லை. பங்குனி, சித்திரையில் முதல் மழை ஒன்று நன்றாக விழ வேண்டும். அதுவரைக்கும் மொக்கு வேல் முனை மாதிரி இறுக்கமாக நிற்கும். மழை விழுந்து எட்டு, ஒன்பது நாளில் சரிவு மொத்தமும் ஒரே காலையில் வெளுத்துவிடும், மல்லிகை வாசம், தேனீச் சத்தம். மூன்று நாள் கூட நிற்காது, பழுப்பாகிவிடும். அதனால் முன்கூட்டி தேதி சொல்லி ரூம் போடவே முடியாது. நாளைக் குறிப்பது மழை.

அஸ்தம்பட்டிக்காரி:

அத்தையிடம் படித்துக் காட்டினேன். பையை இன்னும் பிரிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும் என்கிறார்கள். மழை பெய்தால் இங்கே ஒரு வரி எழுதுங்கள் தம்பி.

பழைய தாவரவியல் வாத்தியார்:

நானும் காத்திருக்கிறேன்.

ஞாயிறு பைக்:

வார நாளாக விழுந்தால் லீவு போடுகிறேன்.

நாகலூர் காபி:

நேற்று இரவு பெய்தது. முக்கால் மணி நேரம், நல்ல மழை. இன்று திங்கள். எண்ண ஆரம்பியுங்கள்.